மறந்துபோன மாத்திரையின் வரலாறு

இன்றைய பேச்சின் பொருளைக் கேட்டதும் சில வீடுகளில் வானொலியின் ஒலியைக் குறைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். மாமனார் அஞ்சடியில் உட்கார்ந்திருப்பார். வளர்ந்த பிள்ளைகள் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ஒலியைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நாம் பேச இருப்பது கருத்தடை மாத்திரையைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அதைச் சாப்பிட மறந்துபோன நாளைப் பற்றி.

மாத்திரையை மறந்த பெண் என்ன செய்கிறாள்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கணவரிடம் சொன்னால் கோபிப்பார், டிரஸ்ஸரிடம் சொன்னால் ஏசுவார், அக்கம்பக்கத்தில் சொன்னால் லயம் முழுவதும் தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறாள். வீட்டுக்கு விலக்காகும் நாள் வரும்வரை விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறாள். கேட்டிருந்தால் அந்த முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே செய்யக்கூடியது ஏதாவது இருந்திருக்கும். அவளைத் தடுத்தது வெட்கம் மட்டுமன்று. எல்லாரும் ஒழுங்காகச் செய்கின்ற ஒரு காரியத்தில் தான் மட்டும் தவறிவிட்டோம் என்ற எண்ணமும்தான். அந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க, மாத்திரையின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

மாத்திரை ஒரு கிழங்கிலிருந்து தொடங்கிற்று என்றால் வியப்பாக இருக்கும். பெண்ணின் உடலில் கருவைத் தாங்குவதற்காகச் சுரக்கும் புரொஜெஸ்டெரோன் என்ற ஹார்மோனை ஆராய்ச்சியாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் விலங்குகளின் உறுப்புகளிலிருந்து மிகச் சிறிய அளவில்தான் அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. விலையோ தங்கத்தை மிஞ்சியது. ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர் 1942-இல் மெக்சிகோ நாட்டின் வேராகுரூஸ் மாநிலத்துக்குப் போய், காவள்ளிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கிழங்கைத் தேடிப் பிடித்தார். அதிலிருந்து அந்த ஹார்மோனைக் குறைந்த செலவில் ஆக்கிக் காட்டினார். சில ஆண்டுகளில் அதற்குப் பதிலாகப் ‘பர்பாஸ்கோ’ என்னும் இன்னொரு கிழங்கு பயன்பட்டது. மெக்சிகோ நகரில் இருந்த ஆய்வுக்கூடம் ஒன்றில், 1951 அக்டோபர் 15-ஆம் நாள், லூயிஸ் மிராமோந்தெஸ் என்ற இளம் மாணவர், கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் ஆகியோரின் வழிகாட்டுதலில் நோரெதிஸ்டெரோன் என்ற புதிய பொருளை உருவாக்கினார். வாயால் விழுங்கினாலும் பலன் தரக்கூடிய மருந்து அது.

இந்தக் கிழங்கைத் தோண்டியவர்கள் யார்? தென் மெக்சிகோவின் காட்டோரக் கிராமங்களில் வாழ்ந்த ஏழை விவசாயிகள். மழைக்காட்டில் இறங்கி, கொடியைப் பின்பற்றிப் போய், மண்ணுக்குள் புதைந்து கிடந்த கிழங்கைத் தோண்டி, முதுகில் சுமந்து வந்து, இடைத்தரகரிடம் எடைக்கு விற்றார்கள். எதற்காக இதை வாங்குகிறார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பால் நிறுக்கும் கொட்டகையில் காண்டா வாளியை இறக்கிவைத்து வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் சீவிய பால் எந்த நாட்டு மோட்டார் வண்டிக்குச் சக்கரமாயிற்று என்று அவர்கள் மட்டும் கண்டார்களா?

கருத்தடைக்கு ஒரு மாத்திரை வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்கத் தாதி. அவருடைய தாயார் பதினெட்டு முறை கருவுற்று, பதினொரு பிள்ளைகளைப் பெற்று, ஐம்பது வயதை ஒட்டிக் காசநோயால் இறந்துபோனவர். கத்தரின் மெக்கார்மிக் என்ற செல்வச் சீமாட்டி 1953 முதல் பணம் கொடுத்தார். கிரிகோரி பிங்கஸ், மின் சுவே சாங் ஆகிய இருவரும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார்கள். ஜான் ராக் என்ற மகப்பேற்று மருத்துவர் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

பெரிய அளவிலான சோதனை 1956-இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் தொடங்கிற்று. அது அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள, அன்று கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த தீவு. ரீயோ பியெத்ராஸ் என்ற ஊரின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த ஏழைப் பெண்கள் அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டார்கள். கருத்தரிக்காது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது; இது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, நூற்றுக்குப் பதினேழு பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி முதலியவை வருகின்றன என்று எழுதி அனுப்பினார். மேலிடத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையின் நன்மையைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியையும் மறைக்காமல் பேச வேண்டும் என்பது நம் கருத்து. பிறகு உலகில் கோடிக்கணக்கான பெண்கள் அடைந்த பயனுக்கு முதல் விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

அந்தச் சோதனையிலேயே நம் கதாநாயகியும் வந்துவிட்டாள். மாத்திரை வாங்கியும் கருவுற்ற பெண்களில் பலர், சில நாள் சாப்பிடாமல் விட்டவர்கள் அல்லது நடுவில் நிறுத்தியவர்கள் என்று ஆய்வாளர்கள் குறித்துவைத்தார்கள். ஆக, மாத்திரை பிறந்த ஊரிலேயே மறதியும் கூடவே பிறந்துவிட்டது.

அமெரிக்க அரசு 1957-இல் ‘எனோவிட்’ என்ற அந்த மாத்திரையை மாதவிடாய்க் கோளாறுகளுக்கு என்று அனுமதித்தது. 1960-இல் கருத்தடைக்கும் அனுமதித்தது. மற்ற மாத்திரைகளைப் போலவே அதுவும் கண்ணாடிப் புட்டியில் போட்டு விற்கப்பட்டது. மாதவிடாய் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து இருபது நாள் ஒவ்வொன்றாகச் சாப்பிட வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். மாதவிடாய் வந்ததும் மறுபடி ஐந்தாம் நாள் எது என்று எண்ண வேண்டும். புட்டியைப் பார்த்து, இன்று சாப்பிட்டாயிற்றா இல்லையா என்று எப்படிச் சொல்வது? படித்த பெண்களுக்கே கணக்குத் தடுமாறிற்று.

இந்த நடுவில் நிறுத்தும் ஏற்பாடு ஏன் வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. டாக்டர் ராக் முதலில் தம்மிடம் வந்த பெண்களுக்கு இடைவிடாமல் மருந்து கொடுத்தார். அவர்கள் குழந்தைப் பேறு இல்லாமல் ஏங்கி வந்தவர்கள். மாதவிடாய் நின்றதும் கருவுற்றுவிட்டோம் என்று மகிழ்ந்து, பிறகு இல்லை என்று அறிந்து நொந்தார்கள். எனவே மாதம் ஒருமுறை மருந்தை நிறுத்தி, உதிரப்போக்கு வரும்படி செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். பெண்ணின் மனத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மனிதர் வைத்த இடைவெளி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஒரு கணவரின் கதை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர் இருந்தார். நான்கு பிள்ளைகள். நான்காவது பிள்ளைக்குப் பிறகு அவருடைய மனைவி டோரிஸ் மாத்திரை சாப்பிட்டு வந்தார். “இன்றைக்குச் சாப்பிட்டாயா?” என்று இவர் கேட்க, அந்த அம்மாளுக்கு எரிச்சல் வர, வீட்டில் நாள்தோறும் இதே பேச்சு. வாக்னர் ஒரு தாளை எடுத்து, வாரத்தின் நாள்களை எழுதி, ஒவ்வொரு நாளின் மேலும் ஒரு மாத்திரையை வைத்து, அலமாரியின் மேல் பரப்பிவைத்தார். மாத்திரை இருந்தால் இன்னும் சாப்பிடவில்லை, இல்லாவிட்டால் சாப்பிட்டாயிற்று. ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது, ஏதோ பட்டுத் தாள் கீழே விழுந்து மாத்திரைகள் எல்லாம் சிதறும்வரை!

மனிதர் விடவில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு, பசை நாடா, பிள்ளையின் விளையாட்டுச் சாமானிலிருந்து கழற்றிய ஓர் அழுத்துப் பொத்தான் ஆகியவற்றைக் கொண்டு, சுழற்றிச் சுழற்றி நாளுக்கு ஒரு மாத்திரை எடுக்கும்படியான வட்டமான பெட்டி ஒன்றைச் செய்தார். 1962-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1963-இல் மருந்து நிறுவனம் ஒன்று இதே போன்ற வட்டப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் வாக்னருக்குக் காப்புரிமை கிடைத்த பிறகு, அந்த நிறுவனம் அவருக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அவர் கையால் செய்த முதல் பெட்டி வாஷிங்டன் நகரில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டது. இன்று நாம் காணும் மாத்திரை அட்டையில் திங்கள், செவ்வாய் என்று அச்சிட்டிருப்பதும், அம்புக்குறி போட்டிருப்பதும் இந்த வழியில் வந்தவையே.

இங்கே கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வாக்னர் மனைவியைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் அதை வீட்டின் வேலையாக எடுத்துக்கொண்டு தாளையும் பிளாஸ்டிக்கையும் கையில் எடுத்தார். மறந்தது யார் என்று கேட்டுச் சண்டையிடுவதைவிட இது மேலான வேலை அல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1949-இலும், சிலாங்கூரில் 1953-இலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் தொண்டர்களால் தொடங்கப்பட்டன. மலேசிய அரசு 1966-இல் சட்டம் இயற்றித் தேசிய குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தது. சிங்கப்பூர் அரசும் அதே ஆண்டில் ஒரு வாரியம் அமைத்தது. வாரியத்தின் கிளினிக்குகளுக்கு வந்த மலேசியப் பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்தது மாத்திரையைத்தான். சிங்கப்பூர் 1972-இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று இயக்கம் நடத்திற்று. 1987-இல் வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்று மாற்றிச் சொல்லிற்று. மலேசியாவிலும் 1980-களில் மக்கள்தொகையை 7 கோடிக்கு உயர்த்தலாம் என்ற பேச்சு எழுந்தது. 1984-இல் வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. அரசுகள் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்ற கணக்கைக் கடைசியில் சுமப்பவள் பெற்றவள்தான்.

தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பசியாறவும் மதியத்துக்கும் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கத்தோடு ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பிறகு உளியும் வாளியுமாக நிரையில் நடை. மழை வந்தால் ஒரு கணக்கு, வராவிட்டால் ஒரு கணக்கு. அட்டை எங்கே இருக்கும்? மாமியார் கண்ணில் படக்கூடாது என்று சேலைகளின் அடியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். கண்ணில் படாத பொருள் நினைவிலும் நிற்பதில்லை. வாக்னர் மாத்திரையை எல்லாரும் பார்க்கும்படி அலமாரியின் மேல் வைத்தார். நம் பெண்கள் ஒளித்துவைத்தார்கள்.

மறதி என்று சொல்வதெல்லாம் மறதியும் அல்ல. அட்டை முடிந்துபோய், டவுனுக்குப் போகப் பேருந்துக் காசில்லாமல் நான்கு நாள் தள்ளிப் போனதுண்டு. வாந்தி பேதியில் விழுங்கியது வெளியே வந்ததுண்டு. பிள்ளை மாத்திரையை எடுத்து விளையாடியதுண்டு. கணவரே தூக்கி எறிந்ததும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அங்கும் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் இரவு வேலை, நேரத்தைக் குழப்புகிறது.

மாத்திரையை விட்டால் உடலில் என்ன நடக்கிறது? பெரட்டு மணியை வைத்தே சொல்லலாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி மாதந்தோறும் ஒரு மணி அடிக்கிறது. அந்த மணி கேட்டால்தான் கருமுட்டை வெளியே வரும். தினமும் சாப்பிடும் மாத்திரை அந்த மணியை அடிக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மாதத்தில் ஏழு நாள் பிடியைத் தளர்த்தினாலும் மணி அடிக்காது. ஏழு நாளைத் தாண்டினால்தான் ஆபத்து.

ராக் காலத்தில் வைத்த அந்த இடைவெளியை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை விட்டுப் போனதற்குப் பெண்கள் நடுங்குகிறார்கள். புதிய அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. உண்மையோ இதற்கு நேர்மாறானது. தொடக்கத்திலோ முடிவிலோ விட்டால் ஏழு நாள் இடைவெளி எட்டாகவும் ஒன்பதாகவும் நீண்டுவிடுகிறது; மணி அடித்துவிடுகிறது. மேலும், முதல் எனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இரத்தம் கட்டும் ஆபத்து அறியப்பட்டதும் அளவைக் குறைத்தார்கள். இன்றைய மாத்திரைகள் பலவற்றில் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். உடலுக்கு நல்லது. ஆனால் மறதியைத் தாங்கும் கையிருப்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

இனி, மறந்தவர் என்ன செய்ய வேண்டும்? இரண்டு மருந்தும் கலந்த சாதாரண அட்டையைச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் சொல்கிறோம். ஒரே ஒரு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிடுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரே நாளில் இரண்டு விழுங்க நேர்ந்தாலும் கேடில்லை. வேறு பாதுகாப்பு தேவையில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே சாப்பிட்டு, முன்னால் விட்டவற்றை விட்டுவிடுங்கள். விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே வாயில் போடுவதால் பயனில்லை, வாந்திதான் வரும். பிறகு தொடர்ந்து ஏழு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு முடிக்கும்வரை கணவர் ஆணுறை அணிய வேண்டும், அல்லது விலகியிருக்க வேண்டும். விட்டது மருந்துள்ள மாத்திரைகளின் கடைசி வாரமாக இருந்தால், அந்த மாதம் இடைவெளி விடாமல் நேரே புதிய அட்டைக்குப் போய்விடுங்கள். விட்டது முதல் வாரமாக இருந்து, அதற்கு முந்திய ஐந்து நாளுக்குள் கணவருடன் சேர்ந்திருந்தால், அவசர மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். இருபத்தெட்டு மாத்திரை கொண்ட அட்டைகள் பலவற்றில் கடைசி ஏழும் வேறு நிறத்தில் இருக்கும். அவை மருந்தில்லாதவை, அவற்றை மறந்தால் கவலையில்லை, புதிய அட்டையை மட்டும் குறித்த நாளில் தொடங்கிவிட வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கொடுக்கும் மாத்திரை வேறு. அதில் ஒரே மருந்துதான் உண்டு, இடைவெளி கிடையாது, நேரமும் கண்டிப்பானது. பழைய வகையில் மூன்று மணி நேரம் தாமதமானாலே மறந்ததாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரெல் என்ற புதிய வகையில் பன்னிரண்டு மணி நேரம் வரை பொறுக்கும். அதைத் தாண்டினால் உடனே சாப்பிட்டு, இரண்டு நாள் வேறு பாதுகாப்புத் தேட வேண்டும். எந்த மாத்திரையானாலும் விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். ஆகவே அந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும்.

அவசர மாத்திரை எப்படி வந்தது? அதன் தொடக்கம் துயரமானது. 1960-களின் நடுவில் நெதர்லாந்து நாட்டில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளானாள். கால்நடை மருத்துவர்கள் நாய்களுக்கு ஈஸ்ட்ரோஜென் கொடுத்துக் கருத்தரிக்காமல் செய்வதை அறிந்திருந்த டாக்டர் ஆரி ஹாஸ்பெல்ஸ், அதே மருந்தை அச்சிறுமிக்குக் கொடுத்தார். அமெரிக்காவிலும் அதே காலத்தில் அதிக அளவு ஈஸ்ட்ரோஜென் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது, குமட்டலும் வாந்தியும் கடுமையாக இருந்தன.

கனடா நாட்டின் டாக்டர் ஆல்பர்ட் யூஸ்பே 1970-களில் எளிய வழி ஒன்றை வெளியிட்டார். மருந்துக்கடையில் இருந்த சாதாரணக் கருத்தடை மாத்திரைகளையே, கூடுதலான அளவில், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருமுறை கொடுப்பது என்பதே அந்த வழி. பிரிட்டன் 1984-இல் இதற்கெனத் தனிப் பொட்டலத்தை அனுமதித்தது. உலகச் சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 2,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. யூஸ்பே முறையில் நூற்றுக்கு 3.2 பேர் கருவுற்றார்கள். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஒரே மருந்தைச் சாப்பிட்டவர்களில் 1.1 பேர்தான் கருவுற்றார்கள். வாந்தியும் குறைவு. அதன்பின் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் முன்னுக்கு வந்தது. அந்த ஆய்வு காட்டிய இன்னொரு கணக்குத்தான் நம் பெண்களுக்கு முக்கியமானது. முதல் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களுக்கு, ஏற்பட்டிருக்கக்கூடிய கருவில் நூற்றுக்கு 95 தடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் சாப்பிட்டவர்களுக்கு 85. மூன்றாம் நாள் 58. வாயை மூடிக்கொண்டு விரலை எண்ணிய ஒவ்வொரு நாளின் விலை இது.

அவசர மாத்திரையைக் கருக்கலைப்பு மாத்திரை என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது கருவைக் கலைப்பதில்லை. மணி அடிப்பதைச் சில நாள் தள்ளிப் போடுகிறது, அவ்வளவே. மணி ஏற்கெனவே அடித்து முட்டை வெளியே வந்துவிட்டால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. ஏற்கெனவே முழுகாமல் இருப்பவர் தெரியாமல் சாப்பிட்டுவிட்டாலும் கரு கலையாது. பிள்ளைக்கு ஊனம் வரும் என்பதற்கும் ஆதாரமில்லை.

இன்று கிடைப்பவை மூன்று. லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள். யுலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம், 120 மணி நேரத்துக்குள். மூன்றாவது, டாக்டர் கருப்பையில் வைக்கும் செம்புக் கம்பிச் சாதனம். ஐந்து நாளுக்குள் வைத்தால் மூன்றிலும் உறுதியானது இதுவே, பிறகு பல ஆண்டுகள் அப்படியே இருக்கவும் செய்யும். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் சாப்பிட்டவர்கள் வழக்கமான அட்டையை உடனே தொடரலாம். யுலிப்ரிஸ்டல் சாப்பிட்டவர்கள் ஐந்து நாள் கழித்துத் தொடர வேண்டும். முந்தித் தொடங்கினால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும். எதைச் சாப்பிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி சாப்பிட வேண்டும். இது மாதந்தோறும் நம்பியிருக்கத்தக்க முறை அன்று. பலாத்காரம் நேர்ந்த இடத்தில் மாத்திரையோடு நில்லாமல், தாமதியாமல் அரசாங்க மருத்துவமனைக்கே போக வேண்டும்.

மலேசியாவில் அவசர மாத்திரையை மருந்துக்கடையில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். சிங்கப்பூரில் டாக்டரைப் பார்ப்பது வழக்கம். மருந்தாளர் சில கேள்விகள் கேட்பார்: எப்போது சேர்ந்தீர்கள், கடைசியாக விலக்கான நாள் எது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா? அவர் துருவுவதற்காகக் கேட்பதில்லை. எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கவே கேட்கிறார். மறந்துவிட்டேன் என்று நேராகச் சொல்லலாம். அந்தச் சொல்லை அவர் நாள்தோறும் கேட்கிறவர். முடிந்தால் அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் என்பதை அதுவே சொல்லிவிடும். மூன்று வாரத்துக்குள் மாதவிடாய் வராவிட்டால் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அடிவயிற்றில் கடுமையான வலி கண்டால் அதுவரையும் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.